டோரதியை வெட்டிவிட்டு அந்தப் படத்தைக் காட்டாதீர்கள்

நம் திரைப்படச் சங்கத்தின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த மாதத் திரையிடல் பட்டியல் போன வாரம் வந்தது. அதில் அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச்சின் 'புளூ வெல்வெட்' இருப்பதைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோனது. 1986இல் வந்த படம். நாற்பது வயது ஆகிறது. 2025 ஜனவரியில் லிஞ்ச் இறந்தபோதே அவருக்காக ஒரு மாலை ஒதுக்கியிருக்கலாமே என்று ஏங்கியவள் நான். ஆனால் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'பார்வையாளர்களின் நலன் கருதி இரண்டு காட்சிகள் தவிர்க்கப்படும்.' எந்த இரண்டு என்று செயலாளரிடம் போனில் கேட்டேன். அடுக்குமாடி வீட்டுக்குள் நடக்கும் அந்த நீண்ட காட்சியும், படத்தில் வரும் பாடகி டோரதி உடம்பில் துணியில்லாமல் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் காட்சியும் என்றார். "குடும்பத்தோட வர்றாங்க மேடம். போன வருஷம் ஒரு படத்துக்குப் புகார் வந்தப்ப நீங்களும் இருந்தீங்களே" என்றார்.

இருந்தேன். புகார் கொடுத்தவரின் கோபத்தில் நியாயம் இருந்ததும் நினைவிருக்கிறது. அன்று யாரும் அவரிடம் என்ன படம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. என்றாலும் இந்த இரண்டு காட்சிகளையும் எடுத்துவிட்டு அந்தப் படத்தைக் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். மற்ற உறுப்பினர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீல வெல்வெட் திரை அசைகிறது. அது விலகினால் நீல வானம். வெள்ளை மரவேலி, அதன் மேல் சிவப்பு ரோஜாக்கள். தீயணைப்பு வண்டியில் நின்றபடி ஒருவர் நம்மைப் பார்த்து மெதுவாகக் கையசைக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். பின்னால் பாபி விண்டன் 1963இல் பாடிய, படத்தின் அதே பெயர் கொண்ட பாட்டு. ஒரு பெரியவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். வீட்டுக்குள் அவர் மனைவி டிவி பார்க்கிறாள், டிவியில் துப்பாக்கி பிடித்த ஒரு கை. தண்ணீர்க் குழாய் செடியில் சிக்கி முறுக்கிக்கொள்கிறது. பெரியவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். அவர் கையில் இருந்து பீய்ச்சியடிக்கும் தண்ணீரை ஒரு நாய் கடித்துக் கடித்து விளையாடுகிறது. கேமரா அவரை விட்டுவிட்டுப் புல்லுக்குள் இறங்குகிறது, இன்னும் கீழே, மண்ணுக்கு அருகில், அங்கே கருவண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிகின்றன. பாட்டு அமுங்கி, அந்த வண்டுகளின் இரைச்சல் மட்டும் காதை அடைக்கிறது.

அந்தப் பெரியவரின் மகன் ஜெஃப்ரி. கல்லூரியை விட்டு ஊர் திரும்புகிறான். ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துவிட்டு வரும் வழியில், காலி நிலத்தில் வெட்டப்பட்ட மனிதக் காது ஒன்று கிடக்கிறது. எறும்பு மொய்த்த காது. அதைக் காகிதப் பையில் போட்டுப் பக்கத்திலேயே குடியிருக்கும் துப்பறியும் அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதிகாரியின் மகள் சாண்டி, அப்பா பேசியதை ஒட்டுக்கேட்டு, டோரதி வாலன்ஸ் என்ற பாடகியின் பெயரைச் சொல்கிறாள். பூச்சிமருந்து அடிக்க வந்தவன்போல டோரதியின் வீட்டுக்குள் ஒருமுறை நுழைந்து சாவியைத் திருடிக்கொள்கிறான் ஜெஃப்ரி. அப்புறம் ஒரு ராத்திரி அவள் இல்லாதபோது உள்ளே போய், அவள் வந்துவிடவே, துணி அலமாரிக்குள் ஒளிகிறான். அங்கிருந்துதான் ஃபிராங்க் பூத்தைப் பார்க்கிறான். டோரதியின் கணவனையும் சின்ன மகனையும் பிடித்து வைத்துக்கொண்டு அவளைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பவன். அந்தக் காது அவள் கணவனுடையது.

கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். பழைய அமெரிக்கத் துப்பறியும் படங்களின் எலும்புக்கூடு. கதை நடக்கும் ஊர் லம்பர்டன். அந்தப் பெயரில் வட கரோலினாவில் நிஜமாகவே ஓர் ஊர் உண்டு. படத்தை எடுத்தது அதே மாநிலத்தின் வில்மிங்டனில். படத்தில் ஊர் முழுக்க மர வியாபாரம், வெட்டிய மரங்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் போகின்றன. உள்ளூர் வானொலியில் மரம் ஒன்று சாயும் சத்தத்தைப் போட்டு மணி சொல்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு அது பழகிப்போயிருக்கிறது.

நான் இதை முதலில் பார்த்தது 2000இல், இருபத்துநாலு வயதில். வேறொரு ஊரில், வேறொரு சங்கத்தில், விசிடியில். அறுபது எழுபது பேர் இருந்த கூடத்தில் பெண்கள் நாங்கள் நான்கு பேர். டோரதி வாசலுக்கு வந்து நின்றபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. சாண்டியின் பழைய காதலன் மைக், ஜெஃப்ரியைப் பார்த்து "அது யாரு, உங்க அம்மாவா?" என்று கேட்கிறான் அல்லவா, அந்த வசனத்துக்குக் கூடமே சிரித்தது. திரையில் மைக்கின் முகம் உடனே மாறுகிறது. அவள் உடம்பில் இருக்கும் காயங்களைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறான். கூடத்தில் சிரிப்பு அதற்கப்புறமும் நிற்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன். யார் மேல் கோபம் என்று அன்று தெரியவில்லை, அதனால் லிஞ்ச் மேல் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த முடிவுக்குத் துணையும் கிடைத்தது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தார். டோரதியாக நடித்த இசபெல்லா ரோசெலினியை இவ்வளவு அவமானத்துக்கு உள்ளாக்கும் இயக்குநர், அதற்கு ஈடாக அந்த வலியைக் கடைசிவரை மதிக்கும் ஒரு படத்தைத் தரவேண்டும், அதை விட்டுவிட்டுச் சின்ன ஊரைக் கேலி செய்யும் காட்சிகளுக்குள் அதைச் செருகியிருக்கிறார் என்பது அவர் வாதம். படித்தபோது என் மனசில் இருந்ததை யாரோ எழுதிவிட்டார்கள் என்று இருந்தது. பல வருஷம் அதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், நம் சங்கத்துக் கூட்டங்களிலும்கூட. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

லிஞ்ச் இறந்த வாரம் மறுபடி பார்த்தேன். வீட்டில், ராத்திரியில், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு. விசிடியில் கேட்கவே கேட்காத சத்தங்கள் இருந்தன. இந்தப் படத்தின் ஒலியை அமைத்தவர் ஆலன் ஸ்ப்லெட். டோரதியின் மாடிப்படியில் ஏறும்போது சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் வருகிறது, ஏதோ இயந்திரம் ஓடுவதுபோல. அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் திருச்சி வீட்டின் நினைவு வந்தது. பொதுச்சுவர் வைத்த லைன் வீடுகள். பக்கத்து வீட்டு அக்காவை அவள் புருஷன் அடிக்கும் சத்தம் எங்கள் கூடத்தில் கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் அது தொடங்கினால், எங்கள் வீட்டில் யாராவது எழுந்துபோய் 'ஒலியும் ஒளியும்' சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். பிள்ளைகள் காதில் விழக்கூடாதே என்று. நல்ல மனசோடுதான் செய்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும், ஏறக்குறைய இந்தப் படம் அமெரிக்காவில் வெளியான சமயம். எந்தப் பாட்டுக்கு அப்படிச் சத்தம் கூட்டினார்கள் என்பது இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த அக்காவின் முகம் மறந்துபோய்விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மேலே பளபளப்பு, அடியில் அழுக்கு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பட்டியலில் நீங்கள் எழுதியிருக்கும் பட அறிமுகமும் அப்படித்தான் தொடங்குகிறது. அது தப்பில்லை, ஆனால் போதாது. வண்டுகள் நெரிவது ஊர்க்கோடிச் சாக்கடையில் இல்லை, ஜெஃப்ரியின் அப்பா தண்ணீர் பாய்ச்சும் அதே புல்வெளியில். டோரதியின் வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், அதுதான் பயமாக இருக்கிறது என்று சாண்டி சொல்கிறாள். ராத்திரி வெளியே கிளம்பும் ஜெஃப்ரியிடம் பார்பரா அத்தை, லிங்கன் தெருப் பக்கம் போகவில்லையே என்று கேட்கிறாள். எந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்பது அந்த அத்தைக்குத் தெரிந்திருக்கிறது! ஃபிராங்க்கோடு சேர்ந்திருக்கும் மஞ்சள் கோட்டுக்காரன் யார் என்று தெரியவரும்போது, அவன் சாண்டியின் அப்பாவோடு வேலை பார்க்கும் போலீஸ்காரனாக இருக்கிறான். ஆக அந்த ஊரில் இருட்டு மறைந்து கிடக்கவில்லை. அதைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் பழகியிருக்கிறார்கள். படத்தின் உயிர் 'பார்ப்பது' என்ற அந்தச் செயலில் இருக்கிறது. நீங்கள் வெட்ட நினைக்கும் இரண்டு காட்சிகளும் அதைப் பற்றியவைதான்.

முதலில் அந்த அலமாரி. ஜெஃப்ரி உள்ளே நிற்கிறான். கதவின் பலகை இடுக்குகள் வழியாக அவன் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். டோரதி அவனைக் கண்டுபிடித்து, கத்தியை நீட்டி, அவனையே ஆடையைக் களையச் சொல்கிறாள். ஒளிந்து பார்த்தவனைப் பார்க்கிறாள் அவள். அந்த நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. அவனை மறுபடி அலமாரிக்குள் தள்ளுகிறாள். ஃபிராங்க் வருகிறான், முகமூடியை வைத்து ஏதோ வாயுவை உறிஞ்சுகிறான், குழந்தைபோல அழுகிறான், அவளை அடிக்கிறான், வன்கொடுமை செய்கிறான். அதற்கு நடுவே அவன் திரும்பத் திரும்பக் கத்துவது ஒன்றைத்தான்: "என்னைப் பார்க்காதே!" அவள் கண் தன்மேல் படுவதை அவனால் தாங்க முடியவில்லை. அவள் உடம்பு வேண்டும், பார்வை வேண்டாம். ஃபிராங்க்காக நடித்த டென்னிஸ் ஹாப்பர் அதைக் கத்தும்போது அதில் மிரட்டலைவிடப் பயமே அதிகம் தெரியும்.

கேமரா எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஒளிப்பதிவாளர் ஃபிரெடெரிக் எல்ம்ஸ் அந்த அறையை அகலத்திரையில் பிடித்திருக்கிறார். மங்கிய சிவப்புச் சுவர்கள், நடுவே நிறைய காலி இடம், டோரதி அந்தக் காலி இடத்தில் சின்னதாகத் தெரிகிறாள். கிளுகிளுப்புக்காக எடுத்திருந்தால் கேமரா உடம்பை நோக்கிப் போயிருக்கும். இது பெரும்பாலும் தள்ளியே நிற்கிறது, உள்ளே ஒளிந்திருப்பவன் நகர முடியாததுபோல. வெளியே வந்து தடுக்கவும் முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள் நிலைமையும் அதுதானே. இந்தக் காட்சியை எடுத்துவிட்டால், ஜெஃப்ரி வெறும் தைரியசாலிப் பையன் ஆகிவிடுவான். பின்னால் அவனே டோரதியை அறைவதும், தன் அறையில் அதை நினைத்து விம்முவதும், ஃபிராங்க் அவனைப் பார்த்து 'நீயும் என்னை மாதிரிதான்' என்று சொல்லும்போது அவன் முகம் வெளிறுவதும் அர்த்தமில்லாமல் தொங்கும். கடைசியில் அவன் அதே அலமாரிக்குள் மறுபடி ஒளிந்து, அங்கிருந்துதான் ஃபிராங்க்கைச் சுடுகிறான். முதல்முறை அலமாரியைப் பார்க்காத ஒருவருக்கு அது ஒரு சாதாரண கிளைமாக்ஸ்.

இரண்டாவது காட்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று என்னை அழவைத்தது அதுதான்.

லிஞ்ச் அந்தக் காட்சியைக் கற்பனையாக எழுதவில்லை. சிறுவனாகத் தன் தம்பியோடு தெருவில் இருந்தபோது, இருட்டிலிருந்து ஒரு பெண் துணியில்லாமல் நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறார். அவளுக்கு ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று புரிந்தது, என்ன செய்வதென்று அந்த வயதில் தெரியவில்லை. அந்த நினைவைப் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்ட ரோசெலினி, எப்படி நடந்து வருவது என்று யோசித்தபோது அவர் மனசில் வந்தது ஒரு புகைப்படம். 1972இல் வியட்நாமில் நாபாம் குண்டில் உடல் வெந்து, கைகளை விரித்தபடி சாலையில் ஓடிவந்த சிறுமி கிம் ஃபுக்கின் படம். அந்தக் குழந்தை உடம்பை மறைத்துக்கொள்ளவில்லை. மறைக்க வேண்டும் என்ற நினைப்பைத் தாண்டிய வலி அது. அதனால்தான் டோரதியும் கைகளால் எதையும் மூடவில்லை, கைகள் உடம்பை விட்டு விலகி நிற்கின்றன. அடுத்தமுறை பார்க்கும்போது அந்தக் கைகளை மட்டும் பாருங்கள். அந்தப் புகைப்படத்தை எத்தனையோ கண்காட்சிகளில் வைக்கிறோம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடக் காட்டுகிறோம். அதை ஆபாசம் என்று நாம் சொல்வதில்லை.

அப்புறம் இன்னொன்று. வில்மிங்டனில் ஒரு குடியிருப்புத் தெருவில் ராத்திரி இதைப் படமெடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் போர்வையும் சாப்பாட்டுக் கூடையுமாக வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள், குழந்தை குட்டிகளோடு. இது எப்படிப்பட்ட காட்சி, தயவுசெய்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று ரோசெலினியே போய்ச் சொல்லியும் அவர்கள் எழுந்திருக்கவில்லையாம். அவரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். படித்தபோது எனக்கு 2000இல் அந்தக் கூடத்தில் கேட்ட சிரிப்பு மறுபடி கேட்டது. கேமராவுக்குப் பின்னாலும் ஒரு லம்பர்டன் உட்கார்ந்திருந்திருக்கிறது.

திரையில் அந்தக் காட்சி எப்படிப் போகிறது என்று நினைவுபடுத்துகிறேன். காருக்குள் ஏற்றி, சாண்டியின் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நல்ல குடும்பத்து வரவேற்பறை. டோரதி ஜெஃப்ரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள், இருவருக்குள்ளும் நடந்ததைச் சாண்டியின் எதிரிலேயே சொல்லிவிடுகிறாள். சாண்டியின் வாய் அழுகையில் கோணிப்போகிறது. சாண்டியாக நடித்த லாரா டெர்னுக்கு அப்போது பதினெட்டு வயது, அந்த அழுகையைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். சாண்டியின் அம்மா ஒரு கோட்டைக் கொண்டுவந்து டோரதியின் மேல் போர்த்துகிறாள். படம் முழுக்க டோரதிக்காகக் கேட்காமலேயே செய்யப்படும் ஒரே காரியம் அந்தக் கோட்டுதான் என்று எனக்குத் தோன்றும். காட்சியை வெட்டினால் அந்தக் கோட்டும் போய்விடும்.

இனி கொஞ்சம் நியாயக் கணக்கு. இதற்கு முந்தைய பெரிய படமான 'டூன்' 1984இல் தோற்றது. அதில் இறுதி வெட்டு உரிமை, அதாவது படத்தின் கடைசி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை, லிஞ்ச்சிடம் இல்லை, அந்தக் காயம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. இந்தப் படத்துக்குத் தயாரிப்பாளர் டீனோ டி லாரன்டிஸ் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்: பட்ஜெட்டையும் சம்பளத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டால் இறுதி வெட்டு உன்னுடையது. லிஞ்ச் ஒப்புக்கொண்டார். சுமார் 60 லட்சம் டாலரில் படம் முடிந்தது. எடுத்ததில் எவ்வளவோ வெளியே போயிற்று, காணாமல்போன அந்தத் துண்டுகளில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் பின்னால் கிடைத்து 2011இல் வெளியானது. ஆக, வெட்டத் தெரியாதவர் எடுத்த படம் இல்லை இது. எது இருக்க வேண்டும் என்பதற்குத் தன் கூலியில் பாதியை விலையாகக் கொடுத்தவரின் இரண்டு மணி நேரம். அதை நாம் லேப்டாப்பில் ஃபார்வர்ட் செய்து ஓட்டுவது, அவருக்கு நினைவஞ்சலி என்று போஸ்டர் அடித்துவிட்டுச் செய்யக்கூடிய காரியமா?

ஈபர்ட் சொன்னதை நான் முழுசாகக் கைவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அலமாரிக் காட்சியைப் படமெடுத்தபோது லிஞ்ச் சிரித்துக்கொண்டிருந்தார் என்று ரோசெலினியே சொல்லியிருக்கிறார். அதை என்னால் இன்றும் சுலபமாக விழுங்க முடியவில்லை. டோரதி தன்னை அடிக்கச் சொல்லிக் கேட்பதைப் படம் எவ்வளவு தூரம் விளக்குகிறது, எவ்வளவு தூரம் விட்டுவிடுகிறது என்பதிலும் எனக்குத் திருப்தியில்லை. கதை ஜெஃப்ரியின் தோளிலேயே சவாரி செய்கிறது. ஆனால் ரோசெலினி இன்னொன்றும் சொன்னார்: நான் வயது வந்தவள், படித்துப் பார்த்து நானேதான் அந்தப் பாத்திரத்தை ஏற்றேன். அவருக்காக நாங்கள் எல்லோரும் கோபப்பட்டோம், அவர் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது, உலகமெல்லாம் அழகுசாதன விளம்பரங்களில் தெரிந்த முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு, கலைந்த விக்கும் அழிந்த நீல மையுமாக, தொண்டை நடுங்கப் பாடும் ஒரு பெண்ணாக அவர் நின்றார். பாட்டுச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆஞ்சலோ படலமென்டியை முதலில் வரவழைத்தார்கள். அவர்தான் பின்னால் படத்துக்கே இசையமைத்து, லிஞ்ச்சின் ஆயுட்காலக் கூட்டாளி ஆனார். இரவு விடுதிக் காட்சியில் பியானோ வாசிப்பவரும் அவரேதான்.

படம் முடியும் விதத்தையும் பாருங்கள். ஊரெல்லாம் மறுபடி வெளிச்சம். அப்பா குணமாகித் தோட்டத்தில் நிற்கிறார். சாண்டி கனவில் கண்ட ராபின் பறவை ஜன்னலுக்கு வருகிறது, வாயில் ஒரு வண்டு. பறவை பொம்மை என்று பார்த்தாலே தெரிகிறது. பூச்சியைத் தின்பதா என்று பார்பரா அத்தை முகம் சுளித்துவிட்டுத் தன் சாப்பாட்டை வாயில் போட்டுக்கொள்கிறாள். நிறைய பேருக்கு அதோடு படம் நினைவிலிருந்து முடிந்துவிடுகிறது. ஆனால் லிஞ்ச் கடைசி இடத்தை டோரதிக்குக் கொடுத்திருக்கிறார். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், மகன் ஓடிவருகிறான், இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். சந்தோஷமாகத்தான் தொடங்குகிறது. பிறகு அவள் கண்கள் எங்கோ போகின்றன. அவள் குரலிலேயே பாட்டின் கடைசி வரி வருகிறது, கண்ணீர் வழியாக இன்னமும் நீல வெல்வெட்டைப் பார்க்கிறேன் என்று. எல்லோரும் மறந்துவிட்ட ஊரில் அவளுக்கு மட்டும் மறக்கவில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு காட்சிகளையும் பார்க்காதவருக்கு அந்த முகம் ஒரு தாயின் பாசமாகத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, நான் கேட்பது இவைதான். படத்தை முழுதாகப் போடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை என்று அழைப்பிதழிலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள். பெண்ணுக்கு எதிரான பாலியல் வன்முறை நேரடியாகக் காட்டப்படும் படம் என்று மழுப்பாமல் எழுதுங்கள், திரையிடலுக்கு முன்னாலும் ஒருவர் நின்று சொல்லட்டும். எழுந்து போக நினைப்பவர் யாரையும் தாண்டாமல் போகும்படி நடுவில் வழி விட்டு நாற்காலி போடுங்கள். போனமுறை கதவைச் சாத்திவிட்டு அங்கேயே பைக்குகளை நிறுத்தியிருந்தார்கள், அது வேண்டாம். ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று கரகரக்கிறது, அதைச் சரிபார்த்துவிடுங்கள். பாதி படம் ஒலியில் இருக்கிறது.

போஸ்டரில் முகமூடியோடு ஃபிராங்க்கின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். இளைஞர்கள் அவனைப் பற்றியே பேசுகிறார்கள், அவன் வசனங்களையே சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஹாப்பர் அற்புதமாக நடித்திருக்கிறார்தான். ஆனால் அந்தப் போஸ்டரோடு அந்தக் குறிப்பையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு வலித்தது. அடிப்பவனைச் சுவரில் ஒட்டுகிறோம், அடிபட்டவளைப் படத்திலிருந்து எடுக்கிறோம். ஒலிவாங்கி முன்னால் நீல வெளிச்சத்தில் நிற்கும் டோரதியின் படம் தாராளமாகக் கிடைக்கும்.

முழுதாகக் காட்ட முடியாது, கூடத்தின் உரிமையாளரே ஒப்புக்கொள்ள மாட்டார் என்றால், அதையும் புரிந்துகொள்வேன். அப்படியானால் இந்தப் படமே வேண்டாம். லிஞ்ச் 1999இல் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' எடுத்தார். நோய்வாய்ப்பட்ட அண்ணனைப் பார்க்கப் புல்வெட்டும் வண்டியிலேயே மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஒரு முதியவரின் கதை. டிஸ்னி வெளியிட்டது, எல்லா வயதினரும் பார்க்கலாம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அதைப் போடுங்கள், நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இதை வேறொரு மாலைக்கு, வேறொரு கூடத்துக்குத் தள்ளிவையுங்கள். அரைகுறையாக மட்டும் வேண்டாம்.

முழுதாகக் காட்டுவது என்று முடிவானால் என்னால் ஆனதைச் செய்கிறேன். தமிழ் சப்டைட்டில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் போன வாரம் நானே மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டேன், பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. 'என்னைப் பார்க்காதே' என்பதா, 'பார்க்காதடி' என்பதா என்று இரண்டு நாளாக மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினைந்தாம் தேதிக்குள் ஃபைலை அனுப்ப முடியும். திரையிடல் அன்று முன்கூட்டியே வந்து வாசலில் நிற்கிறேன், உள்ளே வருகிறவர்களிடம் என்ன படம் என்று சொல்ல. உங்கள் முடிவைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
பத்தொன்பது வருஷமாகச் சந்தா கட்டிவரும் ஓர் உறுப்பினர்